ஸ்கார்ஃபுக்கு மட்டும் நல்ல நேரம்

வியாழக்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து என் பேத்தி குதித்துக்கொண்டே இருந்தாள். நான் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக் கூடத்தின் குறுக்கே போட்டிருந்தாள். இந்தப் பக்கம் நின்று கண்ணை மூடுவாள், ஏதோ முணுமுணுப்பாள், அந்தப் பக்கம் குதிப்பாள். பிறகு சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் அதே வேலை. நல்லவேளை, எங்கள் வீட்டுக்குக் கீழே ஸ்கூட்டர் நிறுத்துகிற இடம். ஆள் குடியிருந்தால் அன்றைக்கே போலீஸ் வந்திருக்கும்.

"ஏண்டி, பல்லு வெளக்குனியா?"

"அப்பவே வெளக்கிட்டேன் ஆயா. நீ தள்ளு. நீ புல்புல் பக்கம் நிக்கிற."

நான் தள்ளி நின்றேன். அந்தப் பக்கமும் கூடாது என்றாள். அது கைடுகளின் இடமாம். என் வீட்டுக் கூடத்தில் எனக்கு நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

விஷயம் இதுதான். அவள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பெண்களைப் புல்புல் என்கிறார்கள். நீலப்பறவை என்று தமிழிலும் ஒரு பேர் உண்டாம். பத்து வயதானால் பறவை உத்தியோகம் முடிந்தது. அதற்கப்புறம் கைடு, சாரணி. அந்த மாற்றத்துக்கு வருஷத்தில் ஒரு நாள் விழா. மைதானத்தில் ஒரு கயிறு கிடக்கும். இந்தப் பக்கம் புல்புல்கள் வட்டமாக நிற்பார்கள், அந்தப் பக்கம் கைடுகள் வரிசையாக நிற்பார்கள். பேரைக் கூப்பிட்டதும் பிள்ளையின் கழுத்திலிருந்து பழைய ஸ்கார்ஃபைக் கழற்றிவிடுவார்கள். வெறும் கழுத்தோடு அவள் கயிற்றைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கம் கேப்டன் டீச்சர் நின்று புது ஸ்கார்ஃபைப் போட்டுவிடுவார். அவ்வளவுதான், அவள் கைடு.

பேத்திக்கு அது வெறும் கயிறு இல்லை. அடுத்த வாரம் கைடுகள் ஏற்காட்டுக்கு முகாம் போகிறார்கள். கூடாரம் அடித்து, கல் கூட்டிச் சமைத்து, ராத்திரி அங்கேயே படுக்கை. புல்புல்களை அதில் சேர்க்கமாட்டார்கள். போன வருஷம் அந்த பஸ் கிளம்பும்போது கேட்டில் நின்று டாட்டா காட்டிவிட்டு வந்தவள், பஸ் திரும்பி வரும்வரை யாரோடும் பேசவில்லை. என்னோடுகூட! நான் அவளுக்குத் திருட்டுத்தனமாக அப்பளம் சுட்டுக் கொடுக்கிறவள், என்னோடே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் தாண்டவில்லை என்றால் இன்னொரு வருஷம் கேட்டில் நிற்க வேண்டும்.

மகன் வேலை விஷயமாகப் புனேவில் இருந்தான். மருமகளுக்கு வங்கியில் தணிக்கை. லீவு என்ற பேச்சை எடுத்தாலே மேனேஜருக்குக் காது கேட்காமல் போய்விடுகிறதாம். அதனால் பிள்ளையை விழாவுக்குக் கூட்டிப்போகும் வேலை எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் வந்தது. ஒருத்தி தொலைந்தாலும் இன்னொருத்தி இருப்பாள் என்று மருமகள் கணக்குப் போட்டிருப்பாள்.

சம்பந்தியம்மா மயிலாப்பூர் குளத்தைச் சுற்றியே பிறந்து, படித்து, பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சிந்தாதிரிப்பேட்டை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒன்றாகப் படித்து, எங்களைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டு, கேட்கிற மாதிரி வந்து கேட்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சண்டையே போடாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

விழா வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலமே சம்பந்தியம்மா பையோடு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு ஃபங்ஷன்?"

"பத்தரைக்குன்னு போட்டுக்கீறாங்க சம்பந்திம்மா."

அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எனக்கு மாரடைப்பு என்று பயம். அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுவரில் தொங்கிய காலண்டரை.

"வெள்ளிக்கிழமை பத்தரைலேந்து பன்னண்டு ராகு காலம். ஆடி மாசம் வேற. குழந்தை ராகு காலத்துல கோடு தாண்டப் போறாளா?"

"கோடு இல்ல பாட்டி, கயிறு" என்றாள் பேத்தி.

"கயிறுன்னா ராகு விட்டுடுவானா?"

"ஸ்கூலே அந்த நேரத்துலதான் நடக்குது பாட்டி. அப்ப ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சயின்ஸ் படிக்கிறேனே, அது?"

"அதனாலதான் சயின்ஸ்ல மார்க் வரலை" என்றார் சம்பந்தியம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். எனக்கு இந்த நல்ல நேரம் கெட்ட நேரமெல்லாம் தெரியாது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம் நல்ல நேரம், நின்றுபோகிற நேரம் கெட்ட நேரம். அந்தப் பஞ்சாங்கத்தில்தான் ஆயுசு ஓடியது.

காபியோடு திரும்பி வந்தபோது சம்பந்தியம்மா தெளிந்திருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"பரஸ்தானம் வச்சுடலாம்."

"அது இன்னா கறி?" என்றேன்.

கறி இல்லையாம். கெட்ட நேரத்தில் பயணம் கிளம்பியே தீரவேண்டும் என்றால், அதற்கு முன்பு ஒரு நல்ல நேரத்தில் பயணச் சாமான் ஒன்றைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். சாமான் கிளம்பிவிட்டால் பயணமும் கிளம்பிவிட்டது என்று கணக்கு. மறுநாள் ஆள் போகும்போது போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். ஒன்றே ஒன்று, அந்தச் சாமான் திரும்ப நம் வீட்டு வாசலுக்குள் வரக்கூடாது. வந்தால் எல்லாம் வீண்.

"அப்ப ராகு ஏமாந்துடுவாரா?" என்று கேட்டேன்.

"ஏமாத்தறது இல்ல சம்பந்தி. நாம முன்னாடியே கிளம்பிட்டோம்."

"வூட்ல படுத்துக்கினே கெளம்புறது. நல்லாத்தான் கீது."

எந்தச் சாமான் என்று பெரிய யோசனை. ஷூ கூடாது, செருப்பு ஜாதியாம். தண்ணீர் பாட்டில் அற்பம். கடைசியில் புது ஸ்கார்ஃபில் கை வைத்தார். பள்ளியில் அதை முன்கூட்டியே கொடுத்து, கஞ்சி போட்டுத் தேய்த்து விழாவுக்கு எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் கேப்டன் டீச்சர் வரிசையை விட்டு வெளியே நிறுத்திவிடுவார் என்று பேத்தி பயந்து, இஸ்திரிக்காரரிடமிருந்து அதை இரண்டு கையாலும் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு வந்திருந்தாள்.

"அத்த வோணாம் சம்பந்திம்மா. வேற எதுனா வைங்க" என்றேன். அறிவு அதிகமாகி அல்ல. மறுபடி தேய்க்கப் போவது யார் என்று யோசித்தேன்.

"தாண்டறதே இதுக்குத்தானே? இதுதான் முக்கியமான சாமான்."

எதிர் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். புருஷனுக்குத் தி. நகரில் பாவாடையும் ரவிக்கைத் துணியும் விற்கிற கடை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கேட்டதை இல்லை என்று சொல்லாதவள். சம்பந்தியம்மா நேரம் பார்த்து, ஸ்கார்ஃபைத் தட்டில் வைத்து எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். பேத்தி வாசலில் நின்று, தன் ஸ்கார்ஃப் தன்னை விட்டுவிட்டுக் கிளம்பிப் போவதைப் பார்த்தாள்.

"ஆயா, நிஜமாவே நாளைக்குக் கெடைச்சிடுமில்ல?"

"எதுத்த வூடுதானேம்மா. அமெரிக்காவுக்கா போயிருச்சு?"

வெள்ளிக்கிழமை காலையில் சடை பின்னிக்கொள்ள அவள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒரு சடையைக் கூடத்திலும் இன்னொன்றைப் பால்கனியிலும் பின்னினேன். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. ஆனாலும் ஒன்பதரைக்கே கிளம்பிவிட்டோம். வாசலைத் தாண்டியதும் சம்பந்தியம்மா, "இனிமே உள்ள போகக் கூடாது, கிளம்பியாச்சு" என்று எங்கள் கதவைப் பூட்டினார். பேத்தி எதிர்க் கதவின் மணியை அழுத்தினாள்.

உள்ளே குயில் கூவியது. அந்த வீட்டு மணி அப்படி. ஆள் வரவில்லை. மறுபடி குயில். அப்போதுதான் பார்த்தேன், கதவில் என் கைமுட்டி அளவுக்கு ஒரு பூட்டு தொங்கியது.

"பூட்டிக்கீது" என்றேன்.

மூன்று பேரும் பூட்டையே பார்த்தோம். பார்த்தால் கூச்சப்பட்டுத் திறந்துகொள்ளும் என்பதுபோல.

சம்பந்தியம்மா போனை எடுத்துக் கூப்பிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம், உள்ளேயே, ஒரு பக்திப் பாட்டு ஒலித்தது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பேத்தியின் உதடு கோணியது. ஆனால் அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம்.

"நான் கேட்டேன். நாளைக்குக் கெடைக்குமான்னு கேட்டேன்ல. யாராவது என் பேச்சக் கேட்டீங்களா? ரெண்டு பேரும் சேர்ந்து என் ஸ்கார்ஃப பூட்டிட்டீங்க."

"நான் இன்னாடி பண்ணேன்?"

"நீ சிரிச்ச!"

அது உண்மை.

சம்பந்தியம்மா பூட்டை இழுத்துப் பார்த்தார். வீணை வாசித்த விரல்கள், பூட்டுக்கு அவர்மேல் ஒரு மரியாதையும் இல்லை. "எங்க போயிருப்பா?" என்றார். எனக்குத் தெரியும். ஆடித் தள்ளுபடி நடக்கிறது, வெள்ளிக்கிழமை. கடைக்குப் போகாமல் வேறெங்கே போவாள்?

"நீங்க கொயந்தயக் கூட்டிக்கினு இஸ்கூலுக்குப் போங்க. நான் டி. நகர் போய்ச் சாவி வாங்கியாறேன்."

"டி. நகரா? ஆடி வெள்ளிக்கிழமையா? போயிட்டு எப்போ வருவேள்?"

"அத்த ராகுகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பின்னால் பேத்தியின் குரல்.

"ஆயா, ஓடாத. விழுந்துடுவ. ஆனா சீக்கிரம் வா."

ஆட்டோக்காரர் நல்லவர். என் அவசரத்தைப் பார்த்ததும் அவருக்கும் தொற்றிக்கொண்டது.

"இன்னா ஆயா, பறந்துக்கினு கீற? ஆசுபத்திரியா?"

"இல்ல நைனா. ஸ்கார்ஃப்பு."

"அதெங்க கீது? புது பஸ் ஸ்டாண்டா?"

விளக்கிச் சொன்னேன். அவர் வண்டியை ஓட்டாமல் திரும்பித் திரும்பிக் கேட்டார். ஓட்டினாலும் ஒன்றுதான். மெட்ரோ வேலைக்காக ரோட்டில் பாதியைத் தகரம் வைத்து மறைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் அம்மன் கோவிலுக்குப் பால்குடம் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் நிதானமாக, ஒரு சொட்டு சிந்தாமல் நடந்தார்கள். அம்மா தாயே, உனக்கு அவசரமில்லை, எனக்கு இருக்கிறது என்று மனசுக்குள் சொன்னேன். இருக்கையில் முன்னால் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் ஆட்டோக்காரரின் முதுகிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லலாம். நான் முன்னால் சாய்ந்தால் வண்டி வேகமாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை. சம்பந்தியம்மாவுக்கு ராகு காலம் மாதிரி எனக்கு இது.

தி. நகரில் தெருமுனையிலேயே இறங்க வேண்டியதாயிற்று. உள்ளே வண்டி போகாது, ஆளே பக்கவாட்டில்தான் போகலாம். நான் நடக்கவில்லை. கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. ஒருமுறை கடையைத் தாண்டியே கொண்டுபோய்விட்டது. மறுபடி எதிர்க் கூட்டத்தில் ஏறித் திரும்பி வந்தேன்.

கடைக்குள் எதிர் வீட்டுப் பெண் ஸ்டூல் மேல் நின்று பாவாடைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கட்டு அவள் கையிலிருந்து விழுந்தது.

"ஆச்சி! நீங்களா? என்ன இந்த வெயில்ல வந்திருக்கிய? யாருக்கும் எதுவும்..."

"ஒண்ணும் இல்லம்மா. வூட்டுச் சாவி குடு. ஸ்கார்ஃப்பு உள்ள மாட்டிக்கிச்சு."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு சொன்னதைக் கேட்டு நானும் அடித்துக்கொண்டேன்.

"நான் காலைலயே கொண்டுவந்து குடுத்தேனே ஆச்சி! கடைக்குச் சீக்கிரம் போணும்னு இவுக போன் பண்ணுனாக. சரி, குடுத்துட்டுப் போயிருவோம்னு உங்க வீட்டுக் கதவத் தட்டுனேன். நீங்க குளிச்சிட்டு இருந்திய. உங்க சம்பந்தியம்மாதான் வந்தாக. அது வாசலுக்குள்ள வரப்படாது, உங்க வீட்டுலயே இருக்கட்டும், நாங்க போம்போது எடுத்துக்கிடுதோம்னு சொல்லிக் கதவச் சாத்திட்டாக. நான் கடைக்குப் போறேன்னு சொல்லுததுக்குள்ள சாத்திட்டாக. அந்தப் பதட்டத்துல போனையும் விட்டுட்டு வந்துட்டேன்."

கையில் கொடுத்த ஸ்கார்ஃபை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்! பூட்டின் முன்னால் நின்றபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்டை மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவேண்டும். வந்தது சந்தோஷம். சம்பந்தியம்மாவை இனிமேல் ஒரு வருஷத்துக்கு ஓட்டுவதற்குச் சரக்கு கிடைத்துவிட்டது. சாவியையும் சரக்கையும் முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினேன்.

"பூட்டை மேல தூக்கிப் பிடிச்சுத் திருப்பணும் ஆச்சி!" என்று அவள் கத்தியது கூட்டத்துக்கு மேலே கேட்டது.

ஆட்டோக்காரர் முனையிலேயே காத்திருந்தார். "கெடச்சுதா?" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டார். போகும்போது இருந்த பால்குடம் வரும்போதும் அங்கேயே இருந்தது. மணி கேட்கவே பயமாக இருந்தது. பத்தரை எப்போதோ போயிருக்கும். பேரைக் கூப்பிட்டிருப்பார்கள். பிள்ளை வெறும் கழுத்தோடு நின்றிருப்பாளா, இல்லை பழைய ஸ்கார்ஃபோடு வட்டத்திலேயே உட்காரவைத்துவிட்டார்களா என்று மாறி மாறி ஓடியது. கேட்டில் நின்று டாட்டா காட்டுகிற அந்தக் கை கண் முன்னால் வந்து வந்து போனது. அடுத்த வருஷம் என்று பெரியவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பத்து வயதில் ஒரு வருஷம் எவ்வளவு நீளம்!

எதிர் வீட்டுப் பூட்டைத் தூக்கிப் பிடித்துத் திருப்பினேன். திறந்தது. ஸ்கார்ஃப் சாமி அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மூன்று முனையிலும் மஞ்சள்.

அந்தப் பெண்மேல் தப்புச் சொல்ல முடியாது. புதுத்துணி என்றால் முனையில் மஞ்சள் தடவாமல் யாராவது உடுத்துவார்களா? என் அம்மா தடவினாள், நான் தடவினேன். நம் வீட்டுப் பிள்ளை என்று நினைத்து ஒரு முனைக்கு மூன்று முனையாகத் தடவியிருக்கிறாள். கேப்டன் டீச்சருக்கு ஒரு பொட்டுக் கறைகூட ஆகாது. குழாயடிக்கு ஓடினேன். பிறகு நின்றேன். மஞ்சளைத் தண்ணீரில் கழுவினால் முனையில் இருப்பது முழுத் துணிக்கும் பரவும். அப்படியே மடித்துக்கொண்டு மறுபடி ஆட்டோவில் ஏறினேன்.

பள்ளிக்கூடத் தெருவில் திரும்பியபோது கேட் முழுவதும் பெண்கள். இரண்டு பக்கமும் வரிசையாகக் கைடுகள், ஓரத்தில் பேண்டு வாத்தியம், ஒரு பிள்ளை கையில் சந்தனக் கிண்ணம். ஆட்டோ கேட்டில் நின்றதும் டம் டம் என்று பேண்டு ஆரம்பித்தது. விசில் ஒலித்தது. எல்லாப் பெண்களும் மூன்று விரலை நீட்டிச் சல்யூட் அடித்தார்கள். எனக்கு! நான் இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எனக்குத் தெரிந்த மாதிரி ஒரு சல்யூட் வைத்தேன். சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டு நெற்றியிலும் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் பின்னால் ஹாரன் அடித்தது. என் ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு கார். தலைமை விருந்தினர் அதில் இருந்தார். போகும்போதும் வரும்போதும் என்னை மறித்த அதே தகரம், அதே பால்குடம் அவரையும் நிறுத்திவைத்திருக்கிறது.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று சந்தனக்காரியிடம் கேட்டேன்.

"சீஃப் கெஸ்ட் வரலையே பாட்டி, எப்படி ஆரம்பிப்பாங்க?"

அந்த விருந்தினர் அம்மா இருக்கிற திசை நோக்கி இன்னொரு சல்யூட் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

மைதானத்தில் சம்பந்தியம்மா நாற்காலியில் இல்லை. நாற்காலிகளுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டேளா! என்ன பண்ணினா தெரியுமா குழந்தை? நேரா டீச்சர்கிட்ட போய், என் ஸ்கார்ஃப் எதிராத்துல பூட்டிண்டுடுத்து, எங்க ஆயா எடுத்துண்டு வரான்னு சொல்லிட்டா. நான் ஒரு பெரிய பொண்ணுகிட்ட கேட்டு வேற ஸ்கார்ஃப் வாங்கிண்டு வந்தேன். போட்டுக்க மாட்டேங்கறா."

"ஏனாம்?"

"உண்மை பேசுவேன்னு சத்தியம் பண்ணறச்சே இரவல் ஸ்கார்ஃப் போட்டுப்பாளான்னு என்னைக் கேக்கறா. டீச்சர் சொல்லிட்டாளாம், பேர் கூப்பிடறதுக்குள்ள வந்தா தாண்டலாம், இல்லைன்னா அடுத்த வருஷம்னு."

புல்புல் வட்டத்தில் பேத்தி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஆனால் கழுத்து கேட்டின் பக்கமே திரும்பியிருந்தது. என்னைப் பார்த்தாள். நான் ஸ்கார்ஃபைத் தூக்கிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. குதிகாலைத் தூக்கி, இறக்கி, தூக்கி, இறக்கி, அப்படியே நின்றாள்.

கேப்டன் டீச்சர் விசில் ஊதாமல் பேசினாலும் விசில் மாதிரியே கேட்கும். புது ஸ்கார்ஃபுகளை மேசையில் வரிசையாக அடுக்கியிருந்தார். ஒரு இடம் மட்டும் காலி. நான் நீட்டியதை வாங்கி விரித்தார். வெயிலில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது.

"என்னம்மா இது, கறை?"

"கறை இல்ல டீச்சர். மஞ்ச. புதுத்துணின்னு வச்சிட்டாங்க. கொயந்தைக்குத் தெரியாது. எதுனா சொல்றதுன்னா என்னிய சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார், நெற்றியில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார், மறுபடி ஸ்கார்ஃபைப் பார்த்தார். மேசையில் பரப்பி, விளிம்பை உள்பக்கமாகச் சுருட்டிச் சுருட்டி, முனைகளைத் திருப்பி மடித்தார். மஞ்சள் உள்ளே போய்விட்டது. காலியாக இருந்த இடத்தில் அதை வைத்துவிட்டு, "போய் உக்காருங்கம்மா, வெயில்" என்றார்.

போய் உட்கார்ந்தோம். அடுத்து தலைமை விருந்தினர் பேச்சு. சேவை, ஒழுக்கம், தண்ணீர் சேமிப்பு, மறுபடி சேவை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சம்பந்தியம்மாவோ ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மடியில் கைக்கடிகாரம்.

"நன்னா பேசறா இல்ல?" என்றார்.

"இன்னா பேசுறாங்கன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"அது தெரியாது. பன்னண்டு வரைக்கும் பேசட்டும்."

பேசினார். புண்ணியவதி, அதற்கு மேலும் பேசினார். சம்பந்தியம்மா முதல் ஆளாகக் கைதட்டினார். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு ராகு தானாகவே நடையைக் கட்டிவிட்டார்.

"எல்லாம் பரஸ்தானம் வச்சதாலதான்" என்றார்.

"ஆமாமா. காலைல அந்தப் பொண்ணு ஸ்கார்ஃபைக் கொண்டாந்து நீட்டுச்சாமே?"

அவர் காதில் வைரத்தோடு ஆடியது.

"இப்போ எதுக்கு அதெல்லாம்? குழந்தையைப் பாருங்கோ."

பேரைக் கூப்பிட்டார்கள். பேத்தி வட்டத்திலிருந்து வந்தாள். பழைய ஸ்கார்ஃபைக் கழற்றியதும் அவள் கழுத்து கோழிக்குஞ்சின் கழுத்து மாதிரி சின்னதாகத் தெரிந்தது. "வலது கால், வலது கால்" என்று சம்பந்தியம்மா மந்திரம் போல முணுமுணுத்தார். அவள் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தாள். கயிற்றை மட்டுமா தாண்டினாள்? அதற்கு அப்பால் ஒரு கஜம் தாண்டிப் போய், கேப்டன் டீச்சரின் மேலேயே மோதிவிட்டாள். டீச்சர் அவளைத் தோளில் பிடித்து நிறுத்தி ஸ்கார்ஃபைப் போட்டார். மூன்று விரல் சல்யூட்டோடு சத்தியம் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவள் அணியின் தலைவி வந்து கை நீட்டினாள்.

"இடது கையா!" சம்பந்தியம்மா என் தொடையைக் கிள்ளினார்.

"அவுங்க வயக்கம் அப்புடித்தானாம். வுடுங்க."

"கேப்டன் சொல்லிக்கொடுக்க மாட்டாளா?"

"அவுங்கதான் சொல்லிக் குடுத்ததே."

அணி அவளைச் சூழ்ந்துகொண்டது. ஏதோ ஒரு கூச்சல் போட்டார்கள், முகாம் என்கிற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. நடுவில் என் பேத்தி எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை, எல்லாம் ஒரே நீலம். வருவாள், கட்டிக்கொள்வாள் என்று நான் எழுந்து நின்று பார்த்தேன். சம்பந்தியம்மா திருஷ்டி கழிக்க விரல்களை மடக்கித் தயாராக வைத்திருந்தார். அவள் வரவில்லை. மறுபடி உட்கார்ந்தோம்.

விழா முடிந்து, கூட்டம் கலைந்து, கேட்டில் ஐஸ் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஓடி வந்தாள். முகமெல்லாம் வேர்வை. வந்த வேகத்தில் என் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

"ஆயா, எந்திரி."

"வாடி என் தங்கம். ஒரு முத்தா குடு."

"அப்புறம். எங்க அணிக்குத்தான் நாற்காலி டூட்டி. எல்லாத்தையும் அடுக்கணும். எந்திரி, எந்திரி. பாட்டி, நீங்களும்."

நாங்கள் எழுவதற்குள் என் நாற்காலி போய்விட்டது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு, தன்னைவிட உயரமான இரண்டு பெண்களுக்கு நடுவே அவள் ஓடினாள். ஸ்கார்ஃபின் ஒரு முனை மடிப்பிலிருந்து அவிழ்ந்து முதுகில் மஞ்சளாக ஆடியது. கேப்டன் டீச்சர் அதைப் பார்த்தார். விசிலை வாயருகில் கொண்டுபோனார். பிறகு கையை இறக்கிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சம்பந்தியம்மாவும் நானும் வெயிலில் நின்றோம். உட்கார மைதானத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை.